வெயிலுக்கு என்ன விலை? குளிர்நாடுகளை விட்டு ஸ்பெயின், போர்ச்சுகல் பறக்கும் கூட்டமும்... வாடகை வீடு கிடைக்காமல் அலையும் உள்ளூர் மக்களும்!

ஏப்ரல், மே வந்தா நாம என்ன செய்வோம்? ஊட்டியில ரூம் கிடைக்குமானு போன்ல தேடுவோம். கிடைக்கலைன்னா கொடைக்கானல், ஏற்காடுனு லிஸ்ட் நீளும். வெயிலைக் கண்டால் ஓடுவது நம்ம பழக்கம். 'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்று பழமொழியே வைத்திருக்கும் ஊர் இது.

ஆனால், இதே உலகத்தின் இன்னொரு மூலையில் லட்சக்கணக்கானவர்கள் வெயிலுக்காகவே வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். பிரிட்டன், ஜெர்மனி, ஸ்வீடன், பின்லாந்து, நெதர்லாந்து என வடக்கு ஐரோப்பாவின் குளிர்நாடுகளிலிருந்து ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் குடியேறும் கூட்டம் இது. முன்பெல்லாம் ரிட்டயர் ஆனவர்கள்தான் போனார்கள். இப்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு 25, 30 வயதுக்காரர்களும் போகிறார்கள்.

உங்க இன்ஸ்டாகிராம் ஃபீட்லயும் அந்த ரீல் நிச்சயம் வந்திருக்கும். லிஸ்பன் நகரத்து மஞ்சள் டிராம், பால்கனியில் காபி, பின்னணியில் நீலக்கடல், 'குளிருக்கு குட்பை சொல்லிட்டேன்' என்று ஒரு வரி. பார்த்ததும் 'வாழ்ந்தா இப்படி வாழணும்டா' என்று தோன்றும். அந்த ரீலுக்கு வெளியே என்ன நடக்கிறது? அங்கே போகிறவர்களுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது, அங்கேயே பிறந்தவர்கள் எதை இழக்கிறார்கள்? கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

நாலு மணிக்கே இருட்டு!

முதலில், அவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். பிரச்னை குளிர் மட்டும் இல்லை. குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கு, ஹீட்டர் இருக்கு. இருட்டுக்கு என்ன செய்வது?

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் லண்டனில் காலை 8 மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மாலை 4 மணிக்குள் மறைந்துவிடும். ஆபீஸ் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ஸ்டாக்ஹோமில் அந்த நாள்களில் பகல் சுமார் 6 மணி நேரம்தான். நார்வேயின் வடக்கே இருக்கும் ட்ரோம்சோ நகரத்தில், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

வருஷம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் லண்டனுக்குக் கிடைக்கும் நேரடி வெயில் ஏறத்தாழ 1,600 மணி நேரம். ஸ்பெயினின் தெற்குக் கரையில் உள்ள மலாகாவுக்குக் கிடைப்பது சுமார் 2,900 மணி நேரம். அந்தக் கரைக்கு 'கோஸ்டா டெல் சோல்' என்று பெயர். 'சூரியக் கடற்கரை' என்று அர்த்தம். பெயரிலேயே விளம்பரம்!

இந்த இருட்டு மனசையும் பாதிக்கும். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 1976-ல் நியூயார்க் போன மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால், குளிர்காலம் வந்தால் தன் உற்சாகம் சுருண்டுபோவதைக் கவனித்தார். கோடையில் அது தானாகத் திரும்பியது. பிறகு அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் தன் குழுவோடு இதை ஆராய்ந்து, 1984-ல் 'பருவகால மனச்சோர்வு' என்ற நிலையை விவரித்தார். நிறைய தூக்கம், இனிப்பு சாப்பிடும் ஆசை, எதிலும் ஈடுபாடு இல்லாமை எல்லாம் குளிர்காலத்தில் வந்து, வசந்தத்தில் போய்விடும். பிரகாசமான விளக்கின் முன்னால் தினமும் காலையில் அரை மணி நேரம் உட்காரவைப்பது இதற்கான சிகிச்சைகளில் ஒன்று. சூரியனுக்குப் பதில் பல்பு!

லண்டனில் உங்க அக்காவோ சித்தப்பாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், வைட்டமின்-டி மாத்திரை கதையைச் சொல்வார்கள். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் தினமும் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதைப் பற்றி எல்லோரும் யோசிக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் அரசின் அறிவுரை. நம்மைப் போல கருத்த தோல் உள்ளவர்கள் வருஷம் முழுக்க யோசிக்கணும்னு தனியாகவே சொல்கிறார்கள். ஆக, 'வெயில் வேணும்' என்ற அந்த ஏக்கத்தைக் கேலி செய்ய முடியாது. அது உடம்பு கேட்கும் கேள்வி.

பென்ஷனோடு வந்தவர்கள்

இந்தக் கதை 1950-களில் தொடங்குகிறது. ஸ்பெயினின் கிழக்குக் கரையில் பெனிடோர்ம் என்றொரு சின்ன மீனவ ஊர். அதன் மேயர் பெட்ரோ சரகோசாவுக்கு ஒரு கனவு... கடற்கரைக்கு வெளிநாட்டுக்காரர்களை வரவைக்க வேண்டும். அன்றைக்கு ஸ்பெயினை ஆண்டது சர்வாதிகாரி பிராங்கோ. பொது இடத்தில் பிகினி போட்டால் அபராதம். சரகோசா தன் ஊரில் பிகினிக்கு அனுமதி கொடுத்தார். எதிர்ப்பு கிளம்பியதும், வெஸ்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாட்ரிட் வரை போய் பிராங்கோவிடமே ஆதரவு கேட்டார் என்பது அந்த ஊரின் பிரபலமான கதை.

அதன் பிறகு விமானங்கள் வந்தன, ஹோட்டல்கள் எழுந்தன. இன்றைக்கு பெனிடோர்ம் வானுயர்ந்த கட்டடங்களின் நகரம். ஒரு வாரம் லீவில் வந்தவர்கள், ரிட்டயர் ஆனதும் நிரந்தரமாகவே வந்தார்கள். இப்போது ஸ்பெயினில் பதிவு செய்து வசிக்கும் பிரிட்டிஷ்காரர்கள் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

இங்கே ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கு. பிரிட்டிஷ் அரசு பென்ஷன் வாங்குபவர் ஸ்பெயினில் குடியேறினால், அவருடைய பென்ஷன் ஒவ்வொரு வருஷமும் உயரும். அதுவே கனடா, ஆஸ்திரேலியா போனால் போன அன்றைய தொகையிலேயே நின்றுவிடும். இந்தியாவுக்கும் அதே கதைதான். 40 வருஷம் லண்டனில் உழைத்துவிட்டு 'ஊர்ல போய் செட்டில் ஆகலாம்' என்று திருச்சிக்கோ மதுரைக்கோ திரும்பும் நம்ம ஊர்ப் பெரியவருக்கும் பென்ஷன் அங்கேயே உறைந்துவிடும். குளிரை விட்டு வந்தவருக்கு, உறைவது மட்டும் விடவில்லை!

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்களுக்கும் ஆட்டம் மாறிவிட்டது. 2021 ஜனவரி 1 முதல், விசா இல்லாமல் எந்த 180 நாள்களிலும் 90 நாள்கள்தான் தங்க முடியும். ஸ்பெயினில் சொந்த வீடே இருந்தாலும் இதே கதிதான். குளிர்காலம் முழுக்க அங்கே கழித்துப் பழகியவர்கள், இப்போது காலண்டரில் நாள் எண்ணுகிறார்கள். வேலை செய்யாமல் தங்கும் விசா வேண்டுமென்றால், மாதம் 2,400 யூரோ வருமானம் காட்ட வேண்டும் என்பது 2025 நிலவரம். 'ஐரோப்பாவுக்குள்ள யார் வேணா எங்க வேணா போய் இருக்கலாம்' என்ற சுதந்திரத்தின் மதிப்பு, அது போன பிறகுதான் பலருக்குப் புரிந்தது.

லேப்டாப் வந்துச்சு... கதை மாறிடுச்சு!

கொரோனா வந்தது. ஆபீஸ் வீட்டுக்குள் வந்தது. 'எங்கிருந்தும் வேலை செய்யலாம்னா, ஏன் இந்த மழையில உக்காந்து செய்யணும்?' என்று இளைஞர்கள் கேட்டார்கள். 2021 பிப்ரவரியில் போர்ச்சுகலின் மடெய்ரா தீவில், போண்டா டோ சோல் என்ற சின்ன ஊர் 'டிஜிட்டல் நோமாட் கிராமம்' என்று தன்னை அறிவித்துக்கொண்டது. 2022 அக்டோபரில் போர்ச்சுகல் அரசே இதற்கென விசா கொண்டுவந்தது. 2022 இறுதியில் ஸ்பெயினும் சட்டம் போட்டது. மலாகாவில் 2023-ல் கூகுள் தன் சைபர் பாதுகாப்பு மையத்தைத் திறந்தது. கடற்கரை ஊர், டெக் ஊராகவும் மாறத் தொடங்கியது.

வரச் சொன்னதோடு நிற்கவில்லை, வரிச்சலுகையும் கொடுத்தார்கள். போர்ச்சுகல் 2009-லேயே, வெளிநாட்டிலிருந்து குடியேறுபவர்களுக்கு 10 ஆண்டு சிறப்பு வரித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டு பென்ஷனுக்குப் பல ஆண்டுகள் வரியே கிடையாது. பின்லாந்திலும் ஸ்வீடனிலும் வாழ்நாள் முழுக்க அரசின் மருத்துவம், கல்வி எல்லாம் அனுபவித்தவர்கள், பென்ஷன் வாங்கும் வயதில் போர்ச்சுகலுக்குப் போய், இரண்டு பக்கமும் வரி கட்டாமல் வெயில் காய்ந்தார்கள். கடுப்பான பின்லாந்து, போர்ச்சுகலோடு இருந்த வரி ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. 2019-லிருந்து ஒப்பந்தம் இல்லை. 2022-ல் ஸ்வீடனும் அதே வழியில் போனது. நடுவில், 2020-ல் போர்ச்சுகல் அந்த பென்ஷன்களுக்கு 10 சதவிகித வரி போட்டது. கடைசியில் 2024-ல் புதியவர்களுக்கு அந்தத் திட்டத்தின் கதவை மூடி, ஆராய்ச்சி, தொழில்நுட்பம் போன்ற சில துறைகளுக்கு மட்டும் வேறொரு சலுகையை வைத்தது.

ஸ்பெயின் கதை இன்னும் ஜாலி. அங்கே வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கு 24 சதவிகித நிலையான வரி என்று ஒரு சலுகை உண்டு. அதன் செல்லப் பெயர் 'பெக்காம் சட்டம்'. 2003-ல் ரியல் மாட்ரிட்டுக்கு ஆட வந்த டேவிட் பெக்காம் இதனால் பலன் பெற்றதால் அந்தப் பெயர். பிறகு கால்பந்து வீரர்களை விலக்கிவிட்டார்கள். டெக் ஊழியர்களுக்கு இன்றும் உண்டு. அதிகம் சம்பாதிக்கும் உள்ளூர்க்காரருக்கோ உச்சபட்ச வரி இதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஒரே சட்டத்துல ரெண்டு சம்பளம்

இங்கேதான் சிக்கல். போர்ச்சுகலில் 2025-ன் குறைந்தபட்ச மாத ஊதியம் 870 யூரோ. டிஜிட்டல் நோமாட் விசா வேண்டுமென்றால், அந்த ஊதியத்தைப்போல் நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். அதாவது, 3,480 யூரோ. நம்ம காசில் மாதம் 3 லட்சத்துக்கும் மேல்.

அரசின் கணக்கு என்னவோ சரிதான். வருபவர் சொந்தக் காலில் நிற்கணும், செலவு செய்யணும். ஆனால், வீட்டு ஓனர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். உங்களிடம் லிஸ்பனில் ஒரு சின்ன வீடு இருக்கு. ஹோட்டலில் வேலை செய்யும் உள்ளூர்ப் பையன் 600 யூரோ தருகிறேன் என்கிறான். ஜெர்மன் கம்பெனியில் வேலை பார்க்கும் நோமாட் 1,300 யூரோவுக்குச் சரி என்கிறார். ஒரு வாரத்துக்கு ஏர்பிஎன்பி-யில் விட்டால் இன்னும் அதிகம் வரும். நீங்க யாருக்குச் சாவி கொடுப்பீங்க?

ஒரு ஓனர் எடுக்கும் முடிவு இது. ஆயிரக்கணக்கான ஓனர்கள் எடுத்தால், அந்தப் பையன் நகரத்தை விட்டே போக வேண்டியதுதான். தாத்தா காலத்திலிருந்து இருந்த தெருவில், பேரனுக்கு ஒரு ரூம் கிடையாது. இபிசா தீவில் வேலைக்குப் போகிறவர்கள் வேனிலும் கூடாரத்திலும் தங்குவதும், ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும் வீடு கிடைக்காமல் அந்தத் தீவு வேலையையே மறுப்பதும் திரும்பத் திரும்பச் செய்தியாகின்றன. நோயாளிக்கு வெயில் இருக்கு, பார்க்க டாக்டர் இல்லைன்னா எப்படி?

பொறுமை போனது. 2023 ஏப்ரலில் 'வாழ ஒரு வீடு' என்ற கோஷத்தோடு லிஸ்பன் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். 2024 ஏப்ரல் 20 அன்று ஸ்பெயினின் கனாரி தீவுகளில் பல்லாயிரம் பேர், 'எங்கள் தீவுகளுக்கு ஓர் எல்லை உண்டு' என்று ஊர்வலம் போனார்கள். சுமார் 22 லட்சம் பேர் வசிக்கும் அந்தத் தீவுகளுக்கு, அந்த ஒரு வருஷத்தில் வந்த சுற்றுலாப் பயணிகள் 1.7 கோடிக்கும் மேல். ஜூலையில் பார்சிலோனாவில், ஹோட்டல் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயணிகள்மீது போராட்டக்காரர்கள் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சிய வீடியோ உலகம் முழுக்க வைரலானது.

அரசுகளும் யு-டர்ன் போடுகின்றன. பார்சிலோனாவில் 10 ஆண்டுகளில் வாடகை 68 சதவிகிதம் உயர்ந்ததைச் சுட்டிக்காட்டிய மேயர் ஜாமே கொல்போனி, 10,000-க்கும் மேற்பட்ட சுற்றுலா ஃப்ளாட்டுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-ல் அறிவித்தார். 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் வசிப்புரிமை என்ற ஸ்பெயினின் 'கோல்டன் விசா' 2025 ஏப்ரல் 3-ல் மூடப்பட்டது. போர்ச்சுகல் 2023 அக்டோபரிலேயே கோல்டன் விசாவிலிருந்து வீடு வாங்கும் வழியை நீக்கிவிட்டது. 2025 ஜனவரியில் ஸ்பெயின் பிரதமர் பெட்ரோ சான்செஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஸ்பெயினில் வீடு வாங்கினால், வீட்டு விலையில் 100 சதவிகிதம் வரை வரி போடலாம் என்று முன்மொழிந்தார். வீடு ஒண்ணு, விலை ரெண்டு!

பழி யார்மேல?

'எல்லாம் வெள்ளைக்காரங்க வந்ததாலதான்' என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால், அது பாதி உண்மை.

ஸ்பெயினின் மொத்த வீடுகளில் அரசு குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள் சுமார் 2.5 சதவிகிதம்தான். நெதர்லாந்தில் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 2008 பொருளாதாரச் சரிவில் ஸ்பெயினின் கட்டுமானத் துறை நொறுங்கியது. அதன் பிறகு தேவைக்கேற்ப வீடுகள் எழவில்லை. கடன் நெருக்கடியில் இருந்த அரசுகள், 'வெளிநாட்டுப் பணம் எப்படியாவது வரட்டும்' என்று கோல்டன் விசாவைத் திறந்தன. போர்ச்சுகல் 2012-ல், ஸ்பெயின் 2013-ல். அப்போது அது உயிர்காக்கும் மருந்து. இப்போது பக்கவிளைவு.

வந்தவர்களால் லாபமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பாழடைந்து கிடந்த லிஸ்பனின் பழைய கட்டடங்கள் பல புத்துயிர் பெற்றன. காலியாகிக்கொண்டிருந்த உள்நாட்டுக் கிராமங்களில் மறுபடி விளக்கு எரிகிறது. கேள்வி, அந்த லாபம் யார் பைக்குப் போகிறது என்பதுதான். சொந்த வீடு வைத்திருக்கும் உள்ளூர்க்காரருக்கு லாட்டரி. வாடகைக்கு இருக்கும் உள்ளூர்க்காரருக்கு நோட்டீஸ். ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே வயசு... ஆனா அப்பா வீடு வெச்சிருந்தாரா இல்லையா என்பது வாழ்க்கையையே தீர்மானிக்கிறது. ஓ.எம்.ஆர்-லயும் பெங்களூருலயும் வாடகைக்கு வீடு தேடின யாருக்கும் இந்த வலியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

'எக்ஸ்பாட்' யாரு, 'மைக்ரன்ட்' யாரு?

இதே வெயிலைத் தேடி இன்னொரு கூட்டமும் வருகிறது. ஆனால், வெயில் காய அல்ல.

மலாகாவிலிருந்து கடற்கரையோரமாகக் கிழக்கே போனால் அல்மேரியா. 30,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடக்கும் பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள். விண்வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். வடக்கு ஐரோப்பாவின் சூப்பர் மார்க்கெட்டுகளுக்குக் குளிர்காலத்திலும் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் போவது இங்கிருந்துதான். வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் மொராக்கோவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். உள்ளே கொதிக்கும். பலர் பலகையும் பிளாஸ்டிக்கும் வைத்துக் கட்டிய குடிசைகளில் வாழ்கிறார்கள்.

போர்ச்சுகலின் தெற்கே ஒடெமிராவில் பெர்ரி பழத் தோட்டங்கள். அங்கே பழம் பறிப்பவர்களில் நிறைய பேர் இந்தியா, நேபாளம், வங்காளதேசத்திலிருந்து போனவர்கள். 2021-ல் அங்கு கொரோனா பரவியபோதுதான், ஒரே அறையில் எத்தனை பேரை அடைத்து வைத்திருந்தார்கள் என்று அந்த நாடே பேசியது.

லண்டனிலிருந்து வெயிலுக்காக வருபவர் 'எக்ஸ்பாட்'. பஞ்சாபிலிருந்து அதே வெயிலில் வேலை செய்ய வருபவர் 'மைக்ரன்ட்'. ரெண்டு பேரும் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள்தானே? ஒருத்தர் சாலட் சாப்பிடுகிறார், இன்னொருத்தர் அதற்குத் தக்காளி பறிக்கிறார். வேறு வேறு பெயர் வைத்ததில் ஒரு வர்க்கக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

வெயிலும் பழைய வெயில் இல்ல

இன்னொரு ட்விஸ்ட். அவர்கள் தேடிப் போகும் வெயிலே மாறிக்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் ஸ்பெயினின் கோர்டோபா பகுதியில் 47.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. வேலூர்க்காரர்களே கையெடுத்துக் கும்பிடும் சூடு! 2022 கோடையில் மட்டும் ஐரோப்பாவில் வெப்பத்தால் 61,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருப்பார்கள் என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் ஸ்பெயினில் மட்டும் 11,000-க்கும் மேல். இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். யார் ரிட்டயர் ஆகி வெயிலுக்குப் போகிறார்களோ, அதே வயதுக்காரர்கள்.

2024 பிப்ரவரியில் கேட்டலோனியா மாகாணம் வறட்சி அவசரநிலையை அறிவித்துத் தண்ணீருக்குக் கட்டுப்பாடு போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 29-ல் வாலென்சியாவில் ஒரே நாளில் கொட்டிய மழையில் 220-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒரு பக்கம் வறட்சி, இன்னொரு பக்கம் வெள்ளம். சென்னைக்காரர்களுக்கு இது தெரிந்த கதை.

அடுத்தது இன்னும் ஆச்சர்யம். குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்க முடியாதவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் எங்கே அதிகம் தெரியுமா? பின்லாந்துனு நினைச்சா தப்பு. 2023 யூரோஸ்டாட் கணக்கில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட நாடுகள் ஸ்பெயினும் போர்ச்சுகலும்தான். தலா 20.8 சதவிகிதம். பின்லாந்தில் 2.6 சதவிகிதம். காரணம் சிம்பிள். குளிர்நாட்டுக்காரர்கள் குளிருக்காக வீடு கட்டினார்கள். தடித்த சுவர், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், வீடு முழுக்க ஹீட்டிங். தெற்கே வெயிலை நம்பிக் கட்டினார்கள். பழைய வீடுகள் பலவற்றில் ஹீட்டிங்கே கிடையாது. ஜனவரியில் லிஸ்பன் போன ஸ்வீடன்காரர், 'எங்க ஊர்ல வெளியிலதான் குளிரும், இங்க வீட்டுக்குள்ள குளிருது' என்று புலம்பினால் அதில் நியாயம் இருக்கு.

சரி... வெயில் சந்தோஷம் தருமா?

இந்தக் கேள்வியை ரெண்டு பேர் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். உளவியலாளர்கள் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன். கானமன், பின்னர் 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். அமெரிக்காவின் குளிர்ப் பகுதியான மிச்சிகன், ஒஹாயோ மாணவர்களிடமும், வெயில் அடிக்கும் கலிபோர்னியா மாணவர்களிடமும் கேட்டார்கள். 'கலிபோர்னியாவில் இருப்பவர்கள் அதிக சந்தோஷமாக இருப்பார்களா?' ரெண்டு பக்க மாணவர்களும் 'ஆமாம்' என்று கணித்தார்கள். ஆனால், 'உங்க வாழ்க்கையில உங்களுக்கு எவ்வளவு திருப்தி?' என்று கேட்டபோது, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு!

1998-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது இதுதான். ஓர் இடத்துக்குக் குடிபோவதைப் பற்றி யோசிக்கும்போது, எது பளிச்சென்று வேறாகத் தெரிகிறதோ அதை மட்டுமே எடை போடுகிறோம். வெயில், கடல், பால்கனி. ஆனால், அன்றாட வாழ்க்கையை நடத்துவது வேலை, நண்பர்கள், காதல், கடன், தூக்கம், அம்மாவின் உடல்நிலை. இதையெல்லாம் வெயில் தொடுவதில்லை. போய் ஆறு மாசம் ஆனால், வெயிலும் வால்பேப்பர் ஆகிவிடும்.

உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் முதலிடம் பிடித்த நாடு எது? இருட்டும் பனியும் நிறைந்த பின்லாந்து. அதற்காக 'குளிர்தான் சந்தோஷம்' என்று யாரும் ஐஸ் பெட்டிக்குள் உட்கார வேண்டாம். அந்த அறிக்கை அளப்பது, மக்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தாங்களே போடும் மார்க்கை. ஒருவர்மீது ஒருவருக்கு நம்பிக்கை, விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் அரசு இவற்றுக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது.

பருவகால மனச்சோர்வால் உண்மையிலேயே அவதிப்படுபவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்களுக்கு வெளிச்சம் மருந்து. மற்றவர்களுக்கு அது போனஸ். மருந்தா, போனஸா என்று தெரியாமல் வீட்டை விற்றுக் கிளம்புவதுதான் ஆபத்து.

உங்களுக்கும் அந்த ஆசை இருக்கா? அப்போ இதைப் படிங்க!

'நாம எதுக்கு வெயிலைத் தேடிப் போகணும்' என்று சிரிக்கலாம். ஆனால், ஐ.டி வேலையோடு போர்ச்சுகல், ஸ்பெயின் கனவு காணும் நம்ம ஊர் இளைஞர்களும், டொரன்டோவிலும் ஆஸ்லோவிலும் பனி தள்ளியபடியே 'எங்கேயாவது வெயிலுக்குப் போயிடணும்' என்று நினைக்கும் தமிழர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு அஞ்சு விஷயம்.

ஒன்று, ரீல்ஸ் எடுப்பது பெரும்பாலும் மே, ஜூன் மாசத்தில். நீங்க போய்ப் பார்க்க வேண்டியது ஜனவரியிலும் ஆகஸ்ட்டிலும். ஹீட்டர் இல்லாத ஜனவரியையும், 40 டிகிரி ஆகஸ்ட்டையும் தாங்க முடிந்தால் மேலே யோசிக்கலாம்.

இரண்டு, வரி. வருஷத்தில் 183 நாள்களுக்கு மேல் இருந்தால் ஸ்பெயினும் போர்ச்சுகலும் உங்களைத் தங்கள் நாட்டு வரிதாரராகக் கருதும். 'அங்க வரி கம்மி' என்று யூடியூப்பில் சொன்ன வீடியோ எந்த வருஷத்தது என்று பாருங்கள். 2024-க்கு முந்தைய போர்ச்சுகல் வீடியோ என்றால், அதில் சொன்ன திட்டம் இப்போது புதியவர்களுக்கு இல்லை.

மூன்று, சட்டங்கள் மாறும். கோல்டன் விசா வந்து, பத்து சொச்ச வருஷத்தில் போனது. பிரிட்டிஷ்காரர்களின் உரிமையே ஒரு வாக்கெடுப்பில் மாறியது. வெளிநாட்டில் உங்கள் வாழ்க்கை ஒரு விசா பிரிவை நம்பி இருக்கும் வரை, திரும்பி வர ஒரு வழியை வைத்திருப்பது நல்லது.

நான்கு, மொழி. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேச முடியாவிட்டால், வெளிநாட்டுக்காரர்கள் மட்டுமே இருக்கும் வாட்ஸ்அப் குரூப்தான் உங்கள் ஊர். வயதான பிறகு ஆஸ்பத்திரியில் வலியை எந்த மொழியில் சொல்வீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து, வீடு. ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கும் முன், அது எப்போதும் குடும்பங்களுக்கு விடப்பட்ட வீடா, யாரையாவது காலி செய்துவிட்டுச் சுற்றுலா வாடகைக்கு மாற்றியதா என்று கேளுங்கள். ஓனர் சொல்லும் விலைக்கு உடனே தலையாட்டாமல், அந்தத் தெருவில் உள்ளூர்க்காரர் என்ன வாடகை கொடுக்கிறார் என்று விசாரியுங்கள். உங்களுக்கு 'சீப்'பாகத் தெரியும் வாடகை, அங்கே இன்னொருவரின் முழுச் சம்பளமாக இருக்கலாம்.

வெயில் இயற்கை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. அந்த வெயில் விழும் பால்கனிக்குத்தான் வாடகை. லிஸ்பனிலும் மலாகாவிலும் இன்றைக்கு நடக்கும் சண்டை, அந்த பால்கனியில் யார் உட்காருவது என்பதற்கான சண்டை. குளிர்நாட்டிலிருந்து வருபவரின் ஏக்கமும் நிஜம், இடத்தைக் காலி செய்பவரின் கோபமும் நிஜம். இரண்டுக்கும் நடுவில் போதுமான வீடுகளைக் கட்டவேண்டியதும் விதிகளை வகுக்கவேண்டியதும் அரசுகளின் வேலை. அதைச் செய்யாமல் விசாவை மட்டும் விற்றதன் பில்தான் இப்போது வந்துகொண்டிருக்கிறது.

அடுத்த முறை அந்த மஞ்சள் டிராம் ரீல் வந்தால் தாராளமா லைக் போடுங்க. கூடவே, அந்த டிராமை ஓட்டுபவர் எந்த ஊரில் குடியிருக்கிறார், வேலைக்கு வர எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்றும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க!